சீன எழுத்தில் ஒலி எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

வெள்ளைக்கோட்டு:

சீனாவில் மருத்துவம் படிக்கிறேன். பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் வார்டுக்குள் போனால் பலகை, சீட்டு, நோயாளி பேச்சு எல்லாம் சீனம். சீன எழுத்து என்றாலே படம் என்று ஊரில் சொல்வார்கள். மருத்துவமனைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினால் அந்தப் பேச்சு எடுபடாது. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு துண்டு பொருள் எந்த வகை என்று காட்டும், மற்றது ஒலியைக் காட்டும்.

கல்லீரலை எடுங்கள். இடப்பக்கம் 'சதை', அதாவது உடல் சம்பந்தப்பட்டது. வலப்பக்கம் மூன்றே கோட்டில் ஓர் எழுத்து, 'கான்' என்று படிப்பார்கள், உலர்ந்தது என்று பொருள். கல்லீரலுக்கும் உலர்வதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கல்லீரலின் பெயரும் 'கான்', அவ்வளவுதான் விஷயம். தோலும் அப்படித்தான்: சதையோடு கணவன் என்ற எழுத்து, தோலும் கணவனும் 'ஃபூ'தான். நோய்களுக்கென்று கூரை மாதிரி ஒரு துண்டு உண்டு. அதன் கீழே ஆடு ('யாங்') நின்றால் அரிப்பு, அதுவும் 'யாங்'. காற்று ('ஃபெங்') இருந்தால் பைத்தியம், அதுவும் 'ஃபெங்'. தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டும் சில சமயம் மாறும்.

என்னை அசத்தியது புற்றுநோய். நோய்க் கூரைக்குக் கீழே ஒரு மலை, மலைமேல் மூன்று வாய். அந்தத் துண்டின் ஒலி 'யென்'. ஆனால் புற்றுநோயை இன்று 'ஐ' என்கிறார்கள். எங்கள் பேராசிரியர் காரணம் சொன்னார். முன்பு அதையும் 'யென்' என்றுதான் படித்தார்களாம். அழற்சிக்கும் அதே ஒலி, அதே தொனி. நுரையீரல் 'ஃபெய்'. டாக்டர் 'ஃபெய்யென்' என்று சொன்னால் நிமோனியாவா, நுரையீரல் புற்றுநோயா? கேட்கிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதனால் புற்றுநோயின் உச்சரிப்பை மாற்றிவிட்டார்கள். எழுத்துக்குள் பழைய ஒலி அப்படியே கிடக்கிறது.

ஒரே தொல்லை, எந்தத் துண்டு ஒலி என்று எங்கும் குறித்திருக்காது. வினவுவதற்கான எழுத்து கதவுக்குள் ஒரு வாய். 'வாசலில் நின்று கேட்கிறான்' என்று வீடியோக்களில் கதை கட்டுகிறார்கள். கதவு ('மென்') அங்கே ஒலிக்காக வந்தது. வினவுவது 'வென்', பொருள் 'வாய்' என்ற துண்டில்தான் இருக்கிறது. கதவுக்குள் காது வைத்தாலும் 'வென்'தான், அது செவியால் கேட்பது. கதவுக்குள் இதயம் இருந்தால் 'மென்', மனப் புழுக்கம். இந்தக் குடும்பத்தைச் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கதைகளில் நம்பிக்கை போய்விட்டது.

யிவூ சரக்கு:

தம்பி, நான் சீனாவின் யிவூ நகர மொத்த மார்க்கெட்டில் பொம்மை, பேன்சி சாமான் எடுக்கிறவன். அங்கே கடைக்காரம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்த பழமொழி: 'பக்கம் இருந்தால் பக்கத்தைப் படி, இல்லாவிட்டால் நடுவைப் படி.' சீனர்களே தெரியாத எழுத்தை இப்படித்தான் சமாளிக்கிறார்கள். பணம் கட்ட ஸ்கேன் செய்யும் QR கோடு இருக்கிறதே, அதில் 'மா' என்ற எழுத்து கல்லோடு குதிரை. குதிரை 'மா'. பெண்ணோடு குதிரை அம்மா, குதிரைக்கு மேலே இரண்டு வாய் வைத்தால் திட்டுவது. எல்லாம் 'மா'தான்!

ஆனால் பழமொழியை ரொம்ப நம்பக் கூடாது. 'ச்சிங்' என்று ஒரு துண்டு. தண்ணீரோடு சேர்ந்தால் தெளிவு, சூரியனோடு சேர்ந்தால் வெயிலடிக்கும் வானம், பேச்சோடு சேர்ந்தால் 'தயவுசெய்து'. மூன்றும் 'ச்சிங்'. கண்ணோடு சேர்ந்தால் 'ஜிங்', அதுவரை சரி. நாயோடு சேர்ந்தால் 'ட்சாய்' ஆகிவிடுகிறது. அதன் பொருள் என்ன தெரியுமா? ஊகிப்பது!

ஹாங்காங் அக்கா:

தம்பிகளா, சீனாவின் பொதுமொழியான மாண்டரினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்ற சீன அறிஞர் தன் அகராதியில் பொருள்துண்டும் ஒலித்துண்டும் சேர்ந்த இந்த வகை எழுத்துக்கு இரண்டே உதாரணம் கொடுத்தார், இரண்டுமே ஆற்றின் பெயர்கள். ஒன்று தண்ணீரோடு 'கோங்', இன்றைய மாண்டரினில் 'ஜியாங்'. மற்றது தண்ணீரோடு 'கெ', இன்று 'ஹெ'. பாடப்புத்தக உதாரணமே பொருந்தவில்லையே என்று சிரிக்கத் தோன்றும். இங்கே ஹாங்காங் பேச்சான கன்டோனீஸில் கேளுங்கள். முதல் துண்டு 'குங்', ஆறு 'கோங்'. இரண்டாவதில் துண்டும் 'ஹோ', ஆறும் 'ஹோ'. சோல் நகரத்து ஹான்காங் ஆற்றில் இருக்கும் 'காங்' கூட இந்த முதல் எழுத்துதான். வடக்கே 'க' மெல்ல 'ஜ' ஆகிவிட்டது, எழுத்து நின்ற இடத்தில் நிற்கிறது.

நான் பினாங்கில் வளர்ந்தவள். பன்றிக்கு அங்கே பேசும் ஹொக்கியன் என்ற தென்சீன மொழியில் 'தூ' என்பார்கள், மாண்டரினில் 'ஜூ'. அதே ஒலித்துண்டு உள்ள 'அடைப்பது', 'சூதாடுவது' இரண்டும் மாண்டரினில் 'டூ'. 'ஜூ'வும் 'டூ'வும் எப்படி ஒரே வீட்டில்? முன்பு இரண்டும் ஒரே வகை மெய்யில் தொடங்கின என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சியான் டாஷின் என்ற அறிஞர் காட்டியிருக்கிறார். ஹொக்கியன் பேசும் மீன்காரருக்கும் பன்றி இன்னும் அந்தப் பழைய 'தூ'தான்.

கெமிஸ்ட்ரி சார்:

பழையது மாறிப்போனது சரி அம்மா. புதிதாகச் செய்தது எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று பார்க்கத் தனிம அட்டவணைக்கு வாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஷாங்காயின் ஜியாங்னான் ஆயுதச்சாலையில் சீன அறிஞர் ஷூ ஷோவும் ஆங்கிலேயர் ஜான் ஃப்ரையரும் வேதியியல் நூல்களைப் பெயர்த்தபோது, உலோகத் துண்டோடு ஓர் ஒலித்துண்டைச் சேர்த்துப் பல தனிமங்களுக்குப் பெயர் வைத்தார்கள். லித்தியம் 'லி', ரேடியம் 'லெய்' என்று இன்று வரை அந்த முறைதான். கால்சியம் 'காய்': உலோகத்துக்குப் பக்கத்தில் ஒரு பிச்சைக்காரர், அவரும் 'காய்'. வாயு என்றால் உலோகத்துக்குப் பதில் வாயுத் துண்டு. அரிப்பில் வந்த ஆடு ஆக்சிஜனிலும் நிற்கிறது, வாயுவுக்குக் கீழே, 'யாங்' என்று. 2017இல் சீனா அப்போது புதிதாகச் சேர்ந்த நான்கு தனிமங்களுக்குப் பெயர் அறிவித்தபோதும் இதே வழிதான். நிஹோனியம் உலோகத் துண்டோடு எழுதி 'நி' என்று படிப்பது, ஓகானெஸ்ஸான் வாயுத் துண்டோடு எழுதி 'ஆவ்' என்று படிப்பது.