ஸ்நேக் பிளான்ட் அடியில கொழகொழன்னு ஆயிடுச்சு, காப்பாத்த முடியுமா?

கேள்வி:

வணக்கம். நாலு வருஷமா வீட்டுக்குள்ள வளர்ற ஸ்நேக் பிளான்ட், இலை ஓரத்துல மஞ்சள் பட்டை ஓடுமே அந்த வகை. என் தோழி வேற ஊருக்கு போறப்ப குடுத்துட்டு போனது, அதனால எனக்கு இது சாதாரண செடி இல்ல. ஒன்றரை மாசம் முன்னாடி தொட்டி நெருக்கமா இருக்கேன்னு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாத்தினேன், தண்ணி வடியணும்னு அடியில கூழாங்கல்லும் போட்டேன். அதுக்கப்புறம் இலையெல்லாம் சுருக்கம் விழுந்து தொங்க ஆரம்பிச்சுது, தாகமா இருக்கும்னு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தினேன், ஊத்த ஊத்த இன்னும் சுருங்குது. நேத்து ஒரு இலைய தொட்டேன் கையோட வந்துடுச்சு, அடிப்பக்கம் கொழகொழன்னு நாத்தம் வேற. ஒன்பது இலைல நாலு சாஞ்சாச்சு. உரம் ஏதாவது போட்டா தேறுமா? ப்ளீஸ் யாராவது சொல்லுங்க.

பதில் 1:

உரம் வேண்டாங்க, தண்ணியும் வேண்டாம், முதல்ல செடிய வெளிய எடுங்க. இது வேர் அழுகல். மண்ணு சதா ஈரமா இருந்தா வேருக்கு காத்து கிடைக்காது, மூச்சு முட்டி செத்துடும், செத்த வேர் தண்ணி உறிஞ்சாது, அதனால சுத்தி அவ்வளவு தண்ணி இருந்தும் இலை காஞ்ச மாதிரி சுருங்குது, நாமளும் தாகம்னு நினைச்சு இன்னும் ஊத்துறோம். நிறைய பேர் செடிய இழக்கிறது இந்த இடத்துலதான். நிஜமாவே தாகம்னா இலை சுருங்கினாலும் அடி கெட்டியா இருக்கும், மண்ணும் உள்ள வரைக்கும் காஞ்சிருக்கும். உங்களுக்கு அடி கொழகொழ, நாத்தம், அப்ப சந்தேகமே இல்ல.

எடுத்து மண்ணை உதிர்த்து வேரை கழுவி பாருங்க. மண்ணுக்குள்ள கட்டை கட்டையா கிழங்கு மாதிரி ஓடும், அதுல அமுக்கினா கெட்டியா இருக்கிறது மட்டும்தான் உயிரோட இருக்கு. பிளேடை ஸ்பிரிட் போட்டு துடைச்சிட்டு அழுகினத வெட்டுங்க, வெட்டின முகத்துல பழுப்பு துளி கூட தெரியக்கூடாது, தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுங்க, பாவம் பாக்காதீங்க. அப்புறம் நிழல்ல ரெண்டு மூணு நாள் சும்மா போட்டு வைங்க, வெட்டு காஞ்சு தோல் கட்டணும். வெட்டுல சமையலுக்கு போடுற லவங்கப்பட்டைத் தூள் தடவுங்கன்னு சில பேர் சொல்வாங்க, தடவுறது உங்க இஷ்டம், ஆனா காப்பாத்துறது அந்த காய விடுறதுதான்.

பதில் 2:

மேல சொன்னது எல்லாமே சரி, அந்த கூழாங்கல்ல பத்தி மட்டும் நான் சொல்றேன். கல்லு போட்டா தண்ணி வடியும்னு எல்லாரும் நம்புறோம், நானும் வருஷக்கணக்கா போட்டேன். நடக்கிறது நேர்மாறு. பொடி மண்ணுல இருக்கிற ஈரம் மண்ணு முழுசா நனைஞ்சு நிறைஞ்சா ஒழிய கீழ இருக்கிற கல்லுக்குள்ள இறங்காது, மண்ணுலயே தங்கிடும், தொட்டி அடியில தேங்க வேண்டிய ஈரம் இப்ப கல்லுக்கு மேல வேருக்கு பக்கத்துல தேங்குது. கல்லை எடுத்துடுங்க, ஓட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க. தொட்டி பெருசானதும் ஒரு காரணம், வேர் எட்டாத இடத்துல இருக்கிற மண்ணு காயவே காயாது. வேர்க்கட்டைய விட ரெண்டு விரல் அகலம் கூட இருந்தா போதும், சுட்ட மண் தொட்டின்னா பக்கவாட்டுலயும் ஈரம் போகும். மண்ணுல பாதிக்கு பாதி பெர்லைட்டோ (நர்சரில கிடைக்கிற லேசான வெள்ளை பொரிகல்லு) கரடு மணலோ கலக்குங்க.

இது பகல்ல இலைத்துளைய மூடிக்கிட்டு ராத்திரி திறந்து காத்து வாங்குற செடி, அதனால தண்ணி அதிகம் இழக்காது. இலையிலயே சேத்தும் வச்சிருக்கும். வெளிச்சம் கம்மியான மூலைன்னா இன்னும் கம்மியா குடிக்கும், ஜன்னல் பக்கம் கொண்டு வாங்க.

கேள்வி கேட்டவர்:

எடுத்து பாத்தேன், முக்கால்வாசி வேர் போயிடுச்சு, உருவினா தோல் மட்டும் கையில வருது. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு கட்டை மட்டும் கெட்டியா இருக்கு, ஒண்ணுல ரெண்டு இலை, இன்னொண்ணுல ஒண்ணு. சாஞ்ச இலைங்க மேல்பாதி நல்லாதான் இருக்கு, அதை வெட்டி நட்டா வருமா?

பதில் 3:

வரும். அழுகல தாண்டி நல்ல இடத்துல வெட்டி நாலு இன்ச் துண்டா போடுங்க, எந்த முனை கீழன்னு உடனே மார்க்கரால குறிச்சுக்குங்க, தலைகீழா நட்டா வேர் விடாது. ரெண்டு நாள் காய விட்டு நடுங்க, வேர் வர ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், குட்டி எட்டிப்பாக்க அதுக்கும் மேல பல மாசம்.

ஆனா ஒண்ணு, முன்னாடியே சொல்லிடுறேன், அந்த துண்டுல இருந்து வர குட்டிக்கு மஞ்சள் ஓரம் இருக்காது, பச்சையாதான் வரும். இந்த வகையில ஓரத்து செல்லும் நடு செல்லும் வேற வேற, இலைத்துண்டுல முளைக்கிற குட்டி உள்பக்க திசுல இருந்து வரதால மஞ்சள் விட்டுப்போயிடும். எனக்கு இது தெரியாம தாய்ச்செடிய தூக்கி போட்டுட்டு இலைத்துண்ட மட்டும் வளர்த்தேன், பச்சைக்குட்டி வந்தப்பதான் புரிஞ்சுது, இன்னி வரைக்கும் மனசு ஆறல. உங்க தோழி குடுத்த அதே செடி வேணும்னா அந்த ரெண்டு கட்டைதான் உயிர், மஞ்சள் ஓரத்தோட குட்டி அதுல இருந்து மட்டும்தான் வரும். அதை தனித்தனி தொட்டில வைங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்.

கேள்வி கேட்டவர்:

ஆறு வாரம் ஆச்சு. ரெண்டு கட்டையும் தனித்தனியா இருக்கு, இலை இன்னும் சுருக்கமாதான் இருக்கு ஆனா சாயல. வாரம் ஒரு தடவை லேசா இழுத்து பாக்குறேன், பெரிய கட்டை கொஞ்சம் பிடிச்சிருக்க மாதிரி தெரியுது. தண்ணி ரெண்டே தடவைதான் ஊத்தியிருக்கேன்.

பதில் 1:

பிடிச்சிருக்குன்னா புது வேர் வந்தாச்சு, ரொம்ப சந்தோஷம். இனிமே இழுத்து பாக்காதீங்க, வர வேர் நூல் மாதிரி இருக்கும், அறுந்துடும். அதுக்கு பதிலா ஒரு மரக்குச்சிய தொட்டி அடி வரைக்கும் குத்தி எடுங்க, மண்ணு ஒட்டாம காஞ்சு வந்தா ஊத்துங்க, இலைக்கொத்துக்குள்ள படாம ஓரமா. தட்டுல வடியிறத உடனே கொட்டிடுங்க.