திருமணத்திற்கான லேஸ் சால்வை: மூலைகளைத் திருப்ப உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் ஊட்டித் தேவாலயம் ஒன்றில் நடக்கவிருக்கும் என் திருமணத்தில் போர்த்திக்கொள்வதற்காக, ஷெட்லாந்து பாணியில் ஒரு சதுர லேஸ் சால்வையை நானே பின்னிக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள அந்தத் தீவுகளின் பெண்கள், மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக்கூடிய அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பின்னியிருக்கிறார்கள். என்னுடையது அவ்வளவு நுண்மையானதல்ல, 100 கிராமுக்கு 800 மீட்டர் வரும் வெள்ளை மெரினோ கம்பளி நூல்.

நடுச்சதுரமும் அதைச் சுற்றிய பார்டரும் முடிந்துவிட்டன. வெளிவிளிம்பைத் தனியாகப் பின்னித் தைக்காமல், இரண்டு வரிசைக்கு ஒருமுறை அதன் கடைசிக் கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை), வட்ட ஊசியில் காத்திருக்கும் சால்வைக் கண்ணி ஒன்றோடு சேர்த்துப் பின்னி இணைத்துவருகிறேன். நேரான பக்கத்தில் அது அழகாகப் படிகிறது. மூலையில் மட்டும் விளிம்பு இறுகி, கூர்முனைகள் உள்பக்கமாக மடங்குகின்றன. மூலைக் கண்ணி ஒவ்வொன்றிலும் இரண்டு முறை இணைத்தால் போதுமா, அதை மூலைக்கு எத்தனை கண்ணிகள் முன்பிருந்தே தொடங்க வேண்டும்?

நனைத்து, விரித்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்திக் காயவைத்தால் இந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்று நம்பிப் பின்னலைத் தொடர எனக்கு மனமில்லை. கடையில் வாங்கும் யோசனையும் இல்லை. இதையே அணிய விரும்புகிறேன். இப்படி விளிம்பு பின்னிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்கினால், அடுத்த மூலைக்கு முன்பே சரிசெய்துகொள்வேன்.