ஸ்டோர்டு ப்ரொசீஜருக்கு நீளம் மாறும் ஐடி பட்டியலை அனுப்புவது எப்படி?

கேள்வி:
எஸ்க்யூஎல் சர்வர் 2017, சி ஷார்ப். திரையில் டிக் செய்த ஆர்டர் எண்களை ஸ்டோர்டு ப்ரொசீஜருக்கு (சர்வரில் சேமித்து வைத்த எஸ்க்யூஎல் நிரல்) அனுப்பவேண்டும். சில நேரம் மூன்று, சில நேரம் 5000. கமா போட்டு ஒரே வார்காராக (எழுத்துச் சரமாக) அனுப்பி, "ஆர்டர்ஐடி இன் (@பட்டியல்)" என்று எழுதினால் இன்ட்டாக (முழு எண்ணாக) மாற்ற முடியவில்லை என்று பிழை வருகிறது. ஒரே எண் என்றால் மட்டும் ஓடுகிறது. டைனமிக் எஸ்க்யூஎல் (ஓடும்போதே சரமாகக் கட்டும் வினவல்) தவிர வழி உண்டா?

பதில் 1:
'12,15,40' என்பது சர்வருக்கு மூன்று எண்கள் அல்ல, ஒரே சரம். அதனால்தான் பிழை. டைனமிக் எஸ்க்யூஎல் பக்கம் போகாதீர்கள். இன்ஜெக்‌ஷன் (உள்ளீட்டில் கள்ளக் கட்டளை நுழைவது) ஆபத்து ஒருபுறம், பட்டியல் மாற மாற புதுப்புது பிளான்கள் (வினவலை ஓட்டும் திட்டங்கள்) கேஷில் குவிவது மறுபுறம்.

சரத்தைக் கமாவில் பிரித்து வரிசைகளாகத் தரும் ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட் போதும். டேட்டாபேஸின் கம்பாட்டிபிலிட்டி லெவல் 130 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். பாராமீட்டரை வார்கார்(மேக்ஸ்) என்றே அறிவியுங்கள். 8000 என்று வைத்தால் மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்படும்: கடைசி எண் 1000457 என்பது 1000 ஆகி, வேறொருவரின் ஆர்டர் மாட்டிக்கொள்ளும். நீளமே போடாவிட்டால் ஒரே ஒரு எழுத்துதான் உள்ளே வரும். இரண்டு கமா அடுத்தடுத்து வந்தால் காலிச் சரம் கிடைக்கும்; அதை இன்ட்டாக்கினால் பிழை வராது, 0 வரும். காலியானதை வேர் (WHERE) பகுதியிலேயே வடிகட்டுங்கள்.

பதில் 2:
5000 வரை போகும் என்றால் டேபிள் வேல்யூட் பாராமீட்டர்தான் (ஒரு டேபிளையே மதிப்பாக ஏற்கும் பாராமீட்டர்) சரி. இன்ட் நாட் நல் பிரைமரி கீயாக (காலியாகவோ இருமுறையோ வரக்கூடாத எண்) ஒரே காலம் (நெடுவரிசை) கொண்ட டேபிள் டைப் ஒன்றை உருவாக்குங்கள். ப்ரொசீஜரில் அந்த டைப்பில் பாராமீட்டர், பின்னால் ரீட்ஒன்லி, அது கட்டாயம். சி ஷார்ப்பில் எஸ்க்யூஎல்டிபிடைப் 'ஸ்ட்ரக்சர்டு', மதிப்பாக டேட்டாடேபிள். உள்ளே ஆர்டர் டேபிளோடு ஜாயின்.

ஒரே எண் இருமுறை வந்தால் பிரைமரி கீ மொத்த அழைப்பையும் தள்ளிவிடும். அனுப்புமுன் டிஸ்டிங்க்ட் செய்து இரட்டிப்பை நீக்குங்கள். டைப்புக்கும் எக்ஸிக்யூட் அனுமதி தேவை, பலர் ப்ரொசீஜருக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தேடுவார்கள். டைப்பை ஆல்டர் செய்ய முடியாது: பயன்படுத்தும் ப்ரொசீஜர்களை நீக்கி, டைப்பை மறுபடி உருவாக்கவேண்டும். எனவே பெயரைப் பொதுவாக வையுங்கள், பத்து ப்ரொசீஜருக்கும் அதுவே உதவும். இந்தப் பாராமீட்டருக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (நல்ல பிளான் போட சர்வர் பார்க்கும் தரவுக் கணக்கு) கிடையாது. ஜாயின் சிக்கலாக இருந்தால் முதலில் # டெம்ப் (தற்காலிக) டேபிளில் கொட்டிக்கொள்வது நல்லது.

கேட்டவர்:
நன்றி. எதையும் டிக் செய்யாவிட்டால்?

பதில் 2:
வரிசையே இல்லாத டேட்டாடேபிள் சிக்கலின்றிப் போகும். ஜாயினில் எதுவும் வராது. டேட்டாடேபிளுக்குப் பதிலாக எஸ்க்யூஎல்டேட்டாரெக்கார்டு பட்டியலாக அனுப்பினால் மட்டும் கவனம்: காலியாக இருந்தால் எக்ஸெப்ஷன் வரும், அங்கே நல் கொடுங்கள். காலி என்றால் 'எல்லா ஆர்டரும்' என்று பொருள் வேண்டுமானால், அதற்குத் தனியாக ஒரு பிட் (0 அல்லது 1) பாராமீட்டர் வையுங்கள்.