ஒரே ஸோன் ஃபைலில் சேர்த்த இரண்டு ஏ ரெக்கார்டில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை. ஏன்?

கேள்வி: அலுவலக டிஎன்எஸ் சர்வரில் (பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) பைண்ட் 9 என்ற மென்பொருள் ஓடுகிறது. டொமைன் பெயரை எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் விவரங்கள் உள்ள ஸோன் ஃபைலில் மெயில்.சேல்ஸ்.எக்ஸாம்பிள்.காம், ஏபிஐ.லேப்.எக்ஸாம்பிள்.காம் இரண்டுக்கும் ஏ ரெக்கார்ட் (பெயருக்கு ஐபி முகவரி தரும் வரி) சேர்த்தேன். முதலாவது உடனே வந்துவிட்டது. இரண்டாவதற்கு என்எக்ஸ்டொமைன்தான், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதில். ஃபைலின் பதிப்பு எண்ணான சீரியலைக் கூட்டி ரீலோடும் செய்தாயிற்று. ஃபைலைச் சரிபார்க்கும் நேம்ட்-செக்ஸோன் குறை எதுவும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே டொமைன்தானே?

பதில்: டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் நோரிகர்ஸ் (வேறு சர்வரிடம் கேட்காமல் பதில் சொல் என்ற குறிப்பு) சேர்த்து உங்கள் சர்வரையே நேரடியாகக் கேளுங்கள். ஆன்சர் பகுதியில் என்ன வருகிறது? ஏஏ ஃப்ளாக் (பொறுப்பான சர்வரே தந்த பதில் என்ற அடையாளம்) இருக்கிறதா?

கேட்டவர்: ஆன்சர் காலி, ஏஏ இல்லை. அத்தாரிட்டி பகுதியில் லேப்.எக்ஸாம்பிள்.காம், என்எஸ்1.லேப்.எக்ஸாம்பிள்.காம் என்று ஒரு என்எஸ் வரி (எந்த சர்வர் பொறுப்பு என்று சொல்வது). டெஸ்டிங் குழு தனி சர்வர் வைத்திருப்பதால் அந்த வரி எங்கள் ஃபைலில் முன்பிருந்தே இருக்கிறது.

பதில்: அந்த வரிதான் காரணம். எக்ஸாம்பிள்.காம் டொமைன் என்றால் அந்தப் பெயரும் அதற்குக் கீழே வரும் அத்தனை பெயர்களும். லேப்பும் அதில் அடக்கம். ஸோன் என்பது அதில் உங்கள் சர்வர் பொறுப்பேற்கும் பகுதி மட்டும். எஸ்ஓஏ (ஸோனின் தலைப்பு ரெக்கார்ட்) இருக்கும் பெயரில் தொடங்கி, என்எஸ் போட்டு வேறு சர்வரிடம் ஒப்படைக்கும் இடத்தில் அது முடிந்துவிடும். காம் டொமைனையே பாருங்கள். காம் என்று முடியும் பெயரெல்லாம் அதற்குள்தான். ஆனால் காம் ஸோனில் போய் ஒரு தளத்தின் வெப் முகவரியைத் தேடினால் கிடைக்காது, யாரிடம் கேட்க வேண்டும் என்ற தகவல்தான் கிடைக்கும்.

புள்ளி வந்த இடமெல்லாம் புது ஸோன் ஆகாது. சேல்ஸுக்கு என்எஸ் இல்லை, அதனால் அது உங்கள் ஸோனிலேயே இருக்கிறது. லேப் பிரிந்து போய்விட்டது. அதற்குக் கீழே நீங்கள் எழுதும் ஏ ரெக்கார்டை உங்கள் சர்வர் பதிலாகத் தராது, லேப் சர்வரைக் கைகாட்டிவிடும். அங்கே ஏபிஐ என்ற பெயர் இல்லை, அதனால்தான் என்எக்ஸ்டொமைன். 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034-இன் 4.2 பகுதியைப் படியுங்கள், இன்றைக்கும் இதைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்த்ததில்லை.

ரெக்கார்டை லேப் சர்வரில் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் என்எஸ் வரியை எடுத்துவிடாதீர்கள், அவர்களுடைய மற்றப் பெயர்கள் எல்லாம் நின்றுபோகும்.

இன்னொருவர்: சேர்த்த பிறகும் கொஞ்ச நேரம் பழைய என்எக்ஸ்டொமைன் வரலாம், உங்களுக்காகத் தேடித் தரும் ரிசால்வர் சர்வர் அதை நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை லேப் ஸோனின் எஸ்ஓஏதான் தீர்மானிக்கும், உங்களுடையது அல்ல. அதன் கடைசி எண், அந்த எஸ்ஓஏவின் டிடிஎல் (நினைவில் வைக்கும் நேரம்), இரண்டில் எது சிறியதோ அது. ரிசால்வரும் பைண்ட் என்றால் அந்தப் பெயரை நினைவிலிருந்து அழிக்க ஆர்என்டிசி ஃப்ளஷ்நேம் கட்டளை போதும்.

கேட்டவர்: வந்துவிட்டது, மிக்க நன்றி! அப்புறம் ஒன்று: என்எஸ்1.லேப்புக்கும் எங்கள் ஃபைலில் ஒரு ஏ ரெக்கார்ட் இருக்கிறது. ஏபிஐ வரியோடு அதையும் நீக்கிவிடலாமா?

பதில்: ஏபிஐ வரியை மட்டும் நீக்குங்கள். மற்றது க்ளூ. லேப் ஸோனுக்குப் போக என்எஸ்1-இன் முகவரி வேண்டும். அந்த முகவரியோ லேப் ஸோனுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் மேலே உள்ள நீங்கள்தான் அதைக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் சர்வர் ஐபி மாறினால் இரண்டு ஃபைலிலும் மாற்றுங்கள்.