ஹாலோவீனுக்கு எலும்புக்கூடு முகம் வீட்லயே போட முடியுமா?

கேள்வி:
நியூஜெர்சில இருக்கோம், அக்டோபர் 31 சாயங்காலம் ட்ரிக் ஆர் ட்ரீட் (வேஷம் போட்டு வீடு வீடா போய் மிட்டாய் வாங்குறது) போக 7 வயசு பொண்ணுக்கு எலும்புக்கூடு முகம்தான் வேணுமாம், வீட்ல இருக்க அக்ரிலிக் பெயின்ட் பூசலாமா?

பதில் 1:
வேணவே வேணாம்க்கா, நான்-டாக்சிக்னு (விஷம் இல்லாததுன்னு) போட்டிருந்தாலும் அது தோலுக்கானது இல்ல. தண்ணில கரையுற ஃபேஸ் பெயின்ட் வாங்கி முந்தின நாளே கைல கொஞ்சம் தடவி அரிக்குதான்னு பாருங்க. ஈர ஸ்பாஞ்சால வெள்ளைய மெல்லிசா ஒத்தி ஒத்தி பூசுங்க, கெட்டியா அப்பினா புள்ள சிரிச்சதும் வெடிச்சிடும். நல்லா காஞ்சப்புறம் கண்ண சுத்தியும் மூக்கு நுனிலயும் கருப்பு, இமை ஓரம் மட்டும் விட்டுடுங்க. உதட்டுக்கு மேலயும் கீழயும் கோடு கோடா இழுத்தா பல்லு.

பதில் 2:
என் பையனுக்கு வாசலின்ல கார்ன்ஃப்ளார் பிசைஞ்சு ஒட்டி, நடுவுல கீறி சிவப்பு லிப்ஸ்டிக் வச்சேன், நெஜ வெட்டுக்காயம் மாதிரியே இருந்துச்சு!

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிப்பா, நாளைக்கே ஃபேஸ் பெயின்ட் வாங்கிடுறேன்.