அமெரிக்க குரோஷே பேட்டர்ன்ல டிசி, எஸ்சி குழப்பம், போர்வை விறைப்பா வருது, யாராச்சும் உதவி பண்ணுங்க

கம்பளிக்காரி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா
எல்லாருக்கும் வணக்கம். ஜூலை 18 மண்டேலா நாளுக்கு எங்க கோயில் பொம்பளைங்கல்லாம் சேந்து முதியோர் இல்லத்துக்கு முழங்கால் போர்வை பின்னிக் குடுக்கறதா இருக்கோம், நான் நெட்லேந்து ஒரு பேட்டர்ன் இறக்கினேன், படத்துல நல்லா தொங்கலா மெத்துனு இருக்கு ஆனா எனக்கு வர்றது கோரைப்பாய் மாதிரி விறைச்சு நிக்குது, சொன்ன அத்தனை வரிசை முடிச்சும் சொன்ன உயரத்துல பாதிகூட வரல. இன்னொண்ணு, ஒவ்வொரு வரிசை ஆரம்பத்துலயும் மூணு செயின் போடச் சொல்லி அதையே ஒரு டிசியா எண்ணிக்கச் சொல்றாங்க, அது ஓரத்துல தனியா வளைஞ்சு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. வரிசை இதுதான் (சிஎச்னா செயின்): சிஎச் 3, டர்ன், டிசி இன் நெக்ஸ்ட் 2, அப்புறம் ஸ்டார் போட்டு சிஎச் 1, ஸ்கிப் 1, டிசி இன் நெக்ஸ்ட் 2, ஸ்டார்லேந்து ரிபீட். டிசின்னா டபுள் குரோஷே, ஆயா கத்துக்குடுத்து சின்ன வயசுலேந்து போடறேன். ஊசி சரியில்லையா நூல் சரியில்லையா?

பீனிக்ஸ்பொண்ணு
அக்கா ஊசிய ஒரு சைஸ் பெருசாக்கிப் பாருங்க, இளகிடும்.

மாரிட்ஸ்பர்க் ஆயா
ஊசிய மாத்தாதம்மா, இரு. ஊசி மாத்தினா விறைப்பு குறையும், அந்த மூணு செயின் நீட்டறது போகாது, விஷயமே அதுலதான் இருக்கு. பேட்டர்ன்ல எங்கயாவது எஸ்சின்னு, அதாவது சிங்கிள் குரோஷேன்னு, வருதா பாத்துச் சொல்லு.

கம்பளிக்காரி
ஆமா ஆயா, கடைசில பார்டர்ல வருது. மேல கேஜ்னும் ஒரு வரி இருக்கு, இத்தனை அளவுக்கு இத்தனை ஸ்டிச்சுன்னு.

மாரிட்ஸ்பர்க் ஆயா
அப்ப அது அமெரிக்கக் கணக்கும்மா. நாம இங்க கத்துக்கிட்டது பிரிட்டிஷ் கணக்கு. பிரிட்டிஷ்ல எஸ்சின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அது கண்ணுல பட்டாலே சந்தேகம் தீந்துது. கேஜ், ஸ்கிப்னு எழுதினா அமெரிக்கா, டென்ஷன், மிஸ்னு எழுதினா பிரிட்டிஷ்.

அவங்க எஸ்சிதான் நம்ம டிசி, அவங்க எச்டிசி, அதாவது ஹாஃப் டபுள் குரோஷே, நம்ம ஹாஃப் ட்ரெபிள், அவங்க டிசி நம்ம ட்ரெபிள், அவங்க டிஆர், அதாவது அவங்க ட்ரெபிள், நம்ம டபுள் ட்ரெபிள். செயினும் ஸ்லிப் ஸ்டிச்சும் ரெண்டுலயும் ஒண்ணுதான். மூணு செயின் உயரம் நம்ம ட்ரெபிளுக்குச் சரியா இருக்கும், நீ போடற டிசிக்கு ஒரு செயினே போதும், அதான் பாக்கி ரெண்டும் போக்கிடம் இல்லாம வெளிய வளையுது. நூல ஊசில ஒரு சுத்து சுத்திட்டு குத்து, நூல இழுத்தா ஊசில மூணு லூப் இருக்கும், ரெண்டு ரெண்டா இறக்கு, அதுதான் அவங்க சொல்ற டிசி.

மாத்தி எழுதி வச்சுக்கறதுன்னா உசரமானதுலேந்து கீழ வாம்மா. முதல்ல டிஆர் எல்லாத்தையும் டிடிஆர் (நம்ம டபுள் ட்ரெபிள்) ஆக்கு, அப்புறம் டிசிய டிஆர் (நம்ம ட்ரெபிள்) ஆக்கு, கடைசியாத்தான் எஸ்சிய டிசி ஆக்கணும். கீழேந்து ஆரம்பிச்சா நீ புதுசா எழுதின டிசியும் பழைய டிசியோட கலந்து ட்ரெபிளா போயிடும், கம்ப்யூட்டர்ல மொத்தமா மாத்தறவங்களுக்கு இது நிச்சயம் நடக்கும்.

பீனிக்ஸ்பொண்ணு
ஐயோ இது எனக்கே தெரியாது ஆயா, நன்றி. அக்கா, முடிஞ்சா குறியீட்டுப் படம் இருக்கற பேட்டர்னா தேடுங்க, படத்துக்கு அமெரிக்கா பிரிட்டிஷ் எல்லாம் கிடையாது. முட்டை வடிவம்னா செயின், கறுப்புப் புள்ளின்னா ஸ்லிப் ஸ்டிச், கூட்டல் குறியோ பெருக்கல் குறியோ நம்ம டிசி, வெறும் டி வடிவம் ஹாஃப் ட்ரெபிள், அந்த டி நடுவுல குறுக்க ஒரு கோடு இருந்தா நம்ம ட்ரெபிள், ரெண்டு கோடுன்னா டபுள் ட்ரெபிள். நாலஞ்சு டி காலு ஒண்ணா சேந்திருந்தா ஒரே ஓட்டைல எல்லாத்தையும் போடணும், தலை சேந்திருந்தா சேத்து ஒண்ணாக்கணும்.

கம்பளிக்காரி
இப்ப புரியுது! இன்னொரு சந்தேகம், டிசி இன் நெக்ஸ்ட் 2-ன்னு ஒரு இடத்துல இருக்கு, 2 டிசி இன் நெக்ஸ்ட்-ன்னு பார்டர் மூலைல இருக்கு, ரெண்டும் ஒண்ணா?

மாரிட்ஸ்பர்க் ஆயா
இல்லம்மா. முதலாவது அடுத்த ரெண்டு ஸ்டிச்சுல ஒவ்வொண்ணு, எண்ணிக்கை மாறாது. ரெண்டாவது ஒரே ஸ்டிச்சுல ரெண்டு, ஒண்ணு கூடும். நம்பர் எங்க நிக்குதுன்னு பாரு.

வெருலம் பின்னல்
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எனக்கு நிட்டிங் சார்ட்ல பிரச்சனை. புள்ளி போட்ட கட்டம்னா பர்ல், அதாவது நிட்டுக்கு மறுபக்கப் பின்னல்னு இருக்கு, எல்லா வரிசையிலயும் புள்ளிக்கு பர்லே போடறேன், டிசைன் கலைஞ்சு போகுது.

மாரிட்ஸ்பர்க் ஆயா
சார்ட்டு முன்பக்கத்துலேந்து பாத்தா துணி எப்படித் தெரியும்னு வரைஞ்சது கண்ணு. முன்பக்க வரிசைய வலதுலேந்து இடதா படி, புள்ளிக்கு பர்ல், வெத்துக் கட்டத்துக்கு நிட். பின்பக்க வரிசைய இடதுலேந்து வலதா படி, அங்க புள்ளிக்கு நிட், வெத்துக் கட்டத்துக்கு பர்ல். வட்ட ஊசில சுத்திப் பின்னினா முன்பக்கமே உன்னப் பாத்து இருக்கும், அதனால எல்லாமே வலதுலேந்துதான், புள்ளி எப்பவும் பர்ல்தான்.

ஊசி நம்பரையும் நம்பாத. அமெரிக்க 8-ஆம் நம்பர் ஊசி 5 மில்லிமீட்டர், நம்ம வீட்டுப் பழைய பிரிட்டிஷ் 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர். பிரிட்டிஷ்ல நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்காவுல தடிக்கும். மில்லிமீட்டர் மட்டும் பாரு.

வெருலம் பின்னல்
ரொம்ப நன்றி ஆயா, மறுபடி பிரிச்சுட்டு ஆரம்பிக்கறேன்.

கம்பளிக்காரி
ட்ரெபிள்ல சின்னதா ஒரு துண்டு போட்டுப் பாத்தேன், ஓரம் நேரா வருது, நல்லா தொங்குது. ஆனா அவங்க வொர்ஸ்டெட் நூல்னு சொல்றாங்க, எங்கிட்ட இருக்கறது டிகே, அதாவது டபுள் நிட்டிங் நூல், அகலம் கம்மியா வருது, என்ன பண்ணட்டும்?

மாரிட்ஸ்பர்க் ஆயா
அமெரிக்க லேபிள்ல டிகேக்கு 3, வொர்ஸ்டெட்டுக்கு 4-ன்னு போட்டிருப்பாங்க, உன் நூல் ஒரு படி மெலிசு, அதான். இருக்கறதையே போடும்மா, தேடி அலையாத. உன் பேட்டர்ன்ல ஸ்டாருக்கு அப்புறம் ஒரு செயின், ரெண்டு டிசி, ஆக மூணு ஸ்டிச்சுதான் திரும்பத் திரும்ப வருது. ஆரம்ப செயின்ல மூணு மூணா கூட்டிக்கோ, ஒண்ணு ரெண்டு மட்டும் கூட்டினா வரிசைக் கடைசில இடிக்கும். துண்டை அளந்து பாத்து எத்தனை மூணு வேணும்னு கணக்கு போட்டுக்கோ, நீளத்துக்கு வரிசைய நீட்டிக்கலாம், பார்டருக்கு கொஞ்சம் நூல் மிச்சம் வச்சுக்கோ.