61 வயதில் அப்பா பிரெய்ல் பழக முடியுமா?

கயல்:
அப்பாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஏழு மாதம் ஆகிறது. போன் வாசித்துக்காட்டக் கேட்பதற்குப் பழகிவிட்டார். ஆனாலும் "நானா ஒரு வரி படிக்கணும்மா" என்கிறார். விரலால் தடவிப் படிக்கும் மேடான புள்ளி எழுத்துதானே பிரெய்ல், அதில் ஒரு தாளைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு "உப்புத்தாள் மாதிரி இருக்கு" என்று கீழே வைத்துவிட்டார். இந்த வயதில் விரல் பழகுமா?

செந்தில்:
பழகும். நான் 44 வயதில் பார்வை இழந்தவன், எனக்கும் முதல் வாரம் உப்புத்தாள்தான். புள்ளி பிடிபடவில்லை என்றதும் விரலை அழுத்தினேன். அழுத்த அழுத்தத் தோல் தட்டையாகி எல்லாம் ஒன்றாகக் கலங்கியது. தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் லேசாக வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தச் சொல்லுங்கள். விரல் நகர்ந்தால்தான் புள்ளி தெரியும். மேலும் கீழும் தேய்க்கவே வேண்டாம். பிரெய்லுக்கு முன்பு சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய 12 புள்ளி முறையில் ஓர் எழுத்து விரல்நுனிக்குள் அடங்கவில்லை. அதனால்தான் லூயி பிரெய்ல் 1824இல், தன் 15 வயதில், அதை ஆறாகக் குறைத்தார்.

ஓர் எழுத்துக்கான ஆறு புள்ளி இடங்களுக்கும் எண் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஆறு குழி உள்ள முட்டை அட்டையில் கோலிக்குண்டு போட்டு இதை மனதில் பதிய வைத்தேன்.

நான் முதலில் படித்த முழுச் சொல் 'உப்பு', மனைவி டப்பாவில் ஒட்டியது. தமிழ் பிரெய்லில் அது உ, மெய்யைக் காட்டும் 4ஆம் புள்ளி, ப, மறுபடி ப, கடைசியில் உ. கண்ணால் படித்த காலமெல்லாம் 'பு'வுக்குள் ஓர் உ இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அன்று அது தனியாக விரலில் தட்டியது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மலர்விழி:
பார்வையற்ற பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல்நுனி மரத்துப்போயிருக்கலாம், அதை மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு விரல் சரியாக உணரவில்லை என்றால் மற்ற விரல்களையும், இடது கையையும் முயன்று பார்க்கலாம். புள்ளிகளைப் பெரிதாக, தள்ளித்தள்ளி அச்சிட்ட பிரெய்லும் உண்டு. அதுவும் முடியாவிட்டால், ஆங்கிலம் தெரிந்தவர் என்றால் மூன் எழுத்து இருக்கிறது. பார்வை இழந்த வில்லியம் மூன் 1845இல் உருவாக்கியது. ஆங்கில எழுத்துகளை எளிமையாக்கிய மேடான கோடுகள் என்பதால், கண்ணால் படித்துப் பழகியவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

கயல்:
இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "எழுதவும் முடியுமா, கேளு" என்கிறார்.

செந்தில்:
கட்டாயம் முடியும் அம்மா. ஸ்லேட் என்ற கட்டம் போட்ட சட்டத்தில் தாளை மாட்டி, ஸ்டைலஸ் என்ற ஊசிமுனைக் கருவியால் குத்த வேண்டும். புள்ளி தாளின் மறுபக்கம் மேடாக எழும் என்பதால் வலமிருந்து இடமாக எழுதி, திருப்பி இடமிருந்து படிப்போம். குத்தும்போது வலப்பக்கம் 1, 2, 3 ஆகிவிடும். இரண்டு நாள் தலைசுற்றும், அப்புறம் சரியாகிவிடும். 1ஆம் புள்ளி மட்டும் குத்தினால் 'அ'. ஒரு வரி நிறைய அதையே குத்திப் பார்க்கட்டும்.